கறிவேப்பிலைக்கு ஏன் ஸ்கூட்டர்?

மக்கள் நடப்பதும் நடக்காததும் தெருவின் கையில் இருக்கிறது!

அடுப்பில் எண்ணெய் காய்கிறது. ஒரு கொத்துக் கறிவேப்பிலை வேண்டும். கடை எவ்வளவு தூரம்? கூப்பிடு தூரம்தான். ஆனால் வீட்டுப் பையன் என்ன செய்கிறான்? ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறான்!

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டவன் கால்களை எதற்குக் கொடுத்தானோ!" என்று தாத்தா அலுத்துக்கொள்கிறார்.

அதே பையன் கோடை விடுமுறைக்கு மதுரையில் உள்ள அத்தை வீட்டுக்குப் போகிறான். வீடு ஆவணி மூல வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. காலையில் பால் வாங்க நடக்கிறான். பத்திரிகை வாங்க நடக்கிறான். மாலையில் அத்தைக்குப் பூ வாங்க நடக்கிறான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு காரியமும் இல்லாமலே கோபுரம் வரையில் நடந்துவிட்டு வருகிறான். யாரும் அவனை நடக்கச் சொல்லவில்லை!

அவனுடைய சோம்பல் எங்கே போயிற்று? சோம்பல் அவனிடம் இருந்ததே இல்லை. அவன் குடியிருக்கும் பேட்டையின் அமைப்பில் இருந்தது.

ஓர் ஊரின் தெருக்கள் மக்களை நடக்க வைக்கின்றன. அல்லது நடையை மறக்க வைக்கின்றன. நகர நிர்மாண நிபுணர்கள் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்டவற்றைச் சுருக்கினால் மூன்று சொற்களில் அடங்கும்: வழி, காரியம், காப்பு. நடப்பதற்கு நேரான வழி வேண்டும். நடந்து போய் முடிக்கும்படியான காரியம் வேண்டும். நடப்பவனுக்கு உயிர்ப் பாதுகாப்பு வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கை சாவியைத் தேடும்.

காக்கையின் கணக்கும் காலின் கணக்கும்

முதலில் வழியைப் பார்ப்போம்.

உங்கள் வீட்டுக்கு நேர் பின்னால், அடுத்த தெருவில் ஒரு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காக்கை பறந்தால் 100 மீட்டர். மனிதனுக்குச் சிறகு இல்லையே! அவன் தெருக்கோடி வரையில் போய், திரும்பி, அடுத்த தெருவுக்குள் நுழைந்து வரவேண்டும்.

வீட்டு வரிசையின் நீளமும் 100 மீட்டர், அகலமும் 100 மீட்டர் என்றால், நடு வீட்டிலிருந்து புறப்படுபவன் 50-ம் 100-ம் 50-மாக மொத்தம் 200 மீட்டர் நடந்தால் போதும். இரண்டரை நிமிஷம் ஆகும். அதே வரிசை நடுவில் சந்து ஏதும் இல்லாமல் 400 மீட்டர் நீண்டு கிடந்தால்? 200-ம் 100-ம் 200-மாக 500 மீட்டர் ஆகிவிடும். ஆறு நிமிஷத்துக்கு மேல். போக வரப் பன்னிரண்டு நிமிஷத்தைத் தாண்டும். அதற்குள் அடுப்பிலுள்ள எண்ணெய் தீய்ந்துவிடும்!

கடை நகரவில்லை, வீடும் நகரவில்லை. இடையில் ஒரு சந்து இல்லாமற் போனதுதான் வித்தியாசம். அந்தக் காலத்துப் பட்டணங்களில் வீட்டு வரிசைகளுக்கு நடுவே சந்துகளும் முடுக்குகளும் ஓடியது வீணுக்கு அல்ல. காக்கையின் கணக்கையும் காலின் கணக்கையும் அவை நெருங்கச் செய்தன.

இன்று புறநகர்களில் நடப்பது என்ன? ஒருவர் வயலை மனைகளாகப் பிரிக்கிறார். பக்கத்து வயல்காரர் தம் வயலைத் தனியாகப் பிரிக்கிறார். இவர் போட்ட தெரு அவருடைய வேலியில் முட்டி நிற்கிறது. அவர் போட்ட தெரு இவருடைய சுவரில் முட்டி நிற்கிறது. இரண்டு முட்டுச் சந்துகளுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர். அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போக நெடுஞ்சாலை வரையில் வரவேண்டும். ஒற்றை வாசல் வைத்துச் சுவர் எழுப்பிய பெரிய குடியிருப்புகளிலும் இதே கதைதான். சன்னல் வழியாகப் பள்ளிக்கூடம் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போக வண்டி வேண்டும்.

கடை எங்கே முளைக்கும்?

இரண்டாவது, காரியம். வழி இருந்து போக இடம் இல்லாவிட்டால் என்ன பயன்?

நடுத்தர நடைக்காரர் ஐந்து நிமிஷத்தில் 400 மீட்டர் போவார். அதாவது கால் மைல். ஒரு பெட்டிக்கடைக்கு நடந்து வருபவர்கள் பெரும்பாலும் இந்த ஐந்து நிமிஷ வட்டத்துக்குள் இருப்பவர்களே. தெருக்கள் ஒன்றுக்கொன்று சீராகக் குறுக்கிடும் ஊரில், ஐந்து நிமிஷத்தில் எட்டக்கூடிய நிலம் சுமார் 80 ஏக்கர்.

ஏக்கருக்கு 30 வீடு இருந்தால், அந்தக் கடைக்கு 2,400 குடும்பங்கள் வாடிக்கை. ஒரு கடை என்ன, பத்துக் கடை பிழைக்கும். காப்பிப் பொடிக் கடை, தையற்கடை, இஸ்திரி வண்டி, மருந்துக் கடை எல்லாம் வரும். ஏக்கருக்கு 5 வீடுதான் என்றால்? 400 குடும்பங்கள். அவர்களிலும் பாதிப் பேர் வண்டியில் ஏறிப் பெரிய கடைக்குப் போய்விடுகிறார்கள். கடைக்காரர் எத்தனை நாள் ஈ ஓட்டுவார்? கதவைச் சாத்துகிறார். கடை மூடியதும் மிச்சமுள்ளவர்களும் வண்டி வாங்குகிறார்கள். நடப்பவர் குறையக் குறையக் கடை குறைகிறது. கடை குறையக் குறைய நடப்பவர் குறைகிறார். இது ஒரு விஷச் சக்கரம்.

மதுரை சொல்லும் பாடம்

இந்தக் கணக்கையெல்லாம் யாரும் புத்தகத்தில் எழுதுவதற்கு முன்பே, அதை மண்ணில் எழுதி வைத்த ஊர் மதுரை.

மீனாட்சியம்மன் கோயிலை நடுவில் வையுங்கள். மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதிகள். மதிலுக்கு வெளியே சித்திரை வீதிகள். அதைச் சுற்றி ஆவணி மூல வீதிகள். அதைச் சுற்றி மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள். சதுரத்துக்குள் சதுரமாக அமைந்த ஊர். முதலில் மாசி வீதி வரையில் வந்து, அதற்கு அப்பால் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில், 1840-ஐ ஒட்டிக் கோட்டை இடிக்கப்பட்டது, அகழி தூர்க்கப்பட்டது. அந்த இடத்தில் வந்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் ஈடுபட்டவர்களின் பெயர்களைப் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பழைய நகரின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மைல்தான். அதற்குள் எத்தனை காரியங்கள்! கீழ மாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக் கடைகள். விளக்குத்தூண் பக்கம் போனால் துணிக் கடைகள். மேல வெளி வீதியை ஒட்டி ரயில் நிலையம். கீழே கடை, மேலே வீடு. நகை வாங்கப் போகிறவர் வழியில் காய்கறியும் வாங்கலாம். திரும்பும்போது சாமியும் கும்பிடலாம். ஒரு நடையில் மூன்று காரியம்!

வழி தவறிவிடுமோ என்ற பயமும் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கோபுரம். நான்கு திசைக்கு நான்கு கோபுரம் இருக்கும்போது வழிகாட்டிப் பலகை எதற்கு?

மாசி வீதிகள் ஏன் அவ்வளவு அகலம்? தேருக்காக! மாசியில் நடந்த திருக்கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். அதனால் சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதியில் ஓடுகிறது. தேருக்கு விட்ட இடம் ஜனங்களுக்கும் இடமாயிற்று. இன்று கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் மோட்டார் வண்டிகள் ஓட அனுமதி இல்லை. கிழவிகள் நிதானமாக நடக்கிறார்கள். குழந்தைகள் கையை உதறிக்கொண்டு ஓடுகிறார்கள், பெற்றவர்கள் பதறவில்லை.

ஆனால் மதுரையில் குறையே இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சித்திரை வீதியைத் தாண்டி வெளியே வந்தால் நிலைமை வேறு. மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் நிறுத்தப்பட்டிருக்கும். நடப்பவர் நடுவீதிக்குத் தள்ளப்படுகிறார். வழி இருக்கிறது, காரியம் இருக்கிறது. மூன்றாவதாகிய காப்புக்குத்தான் ஆபத்து வந்துவிட்டது. காரணம், மோட்டார்.

மோட்டார் வந்தது, மூளை வேலை செய்தது

இந்த ஆபத்தை முதலில் பெரிய அளவில் சந்தித்த நாடு அமெரிக்கா. 1920-களில் அங்கே மோட்டார் கார் வீட்டுக்கு வீடு பரவியது. தெருவில் விளையாடிய குழந்தைகள் சக்கரத்தில் சிக்கி மாண்டனர். "என்ன செய்வது?" என்று நிபுணர்கள் யோசித்தார்கள்.

கிளாரன்ஸ் பெர்ரி என்பவர் 1929-ல் ஒரு திட்டம் வெளியிட்டார். ஒரு பேட்டையின் நடுவில் தொடக்கப் பள்ளி இருக்கவேண்டும். எந்த வீட்டுக் குழந்தையும் கால் மைலுக்குமேல் நடக்கக்கூடாது. பெரிய சாலைகள் பேட்டையைச் சுற்றிப் போகவேண்டுமே தவிர ஊடே போகக்கூடாது. கடைகள் பேட்டையின் மூலைகளில் இருக்கலாம். இதுதான் திட்டத்தின் சாரம்.

அதே 1929-ல், நியூஜெர்சி மாநிலத்தில் ராட்பர்ன் என்ற புதிய ஊரில் குடியேற்றம் தொடங்கியது. கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் என்ற இருவர் அதன் சிற்பிகள். அங்கே வீடுகளுக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் கார் வந்து நிற்கும் முட்டுச் சந்து. மறு பக்கம் புல்வெளியும் நடைபாதையும். நடைபாதை பெரிய சாலையைச் சந்திக்கும் இடத்தில் சாலைக்கு அடியில் சுரங்க வழி. ஒரு சிறுமி வீட்டிலிருந்து புறப்பட்டுப் பள்ளிக்கூடம் போய்ச் சேரும் வரையில் ஒரு காரைக்கூடக் குறுக்கிடவேண்டியதில்லை!

25,000 பேருக்கென்று போட்ட திட்டம் அது. ஆனால் அதே ஆண்டில் பங்குச் சந்தை சரிந்து, பொருளாதார மந்தம் வந்தது. ஒரு சிறு பகுதியோடு கட்டட வேலை நின்றது.

முட்டுச் சந்தை வைத்துக்கொண்டு பாதையை விட்டார்கள்

பிறகு வந்தவர்கள் ராட்பர்னைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள். எதை? முட்டுச் சந்தை! அதைக் கட்டச் செலவு குறைவு, விற்கச் சுலபம். புல்வெளிப் பாதையையும் சுரங்க வழியையும் அநேகர் விட்டுவிட்டார்கள். வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர 1934-ல் ஏற்பட்ட அமெரிக்க மத்திய வீட்டுவசதி நிர்வாகமும், குறுக்கும் நெடுக்குமான தெருக்களைவிட வளைந்த தெருக்களையும் முட்டுச் சந்துகளையுமே சிபாரிசு செய்தது. வீடு உள்ள வட்டாரத்தில் கடை கூடாது என்ற சட்டங்களும் ஊருக்கு ஊர் வந்தன.

விளைவு என்ன? 1969-ல் அமெரிக்காவில் தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 100-க்கு 48 பேர் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009-ல் அது 13 ஆகச் சுருங்கியது. நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கப் பிள்ளைகளின் கால்கள் தேய்ந்துவிட்டனவா? இல்லை. பள்ளிக்கூடம் தூரப் போயிற்று, வழி அடைபட்டது, சாலை பயங்கரமாயிற்று.

இந்தப் போக்கை முதலில் உரக்க எதிர்த்தவர்களில் ஒருவர் நியூயார்க்கில் வாழ்ந்த பத்திரிகை எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார். நகர நிர்மாணத்தில் பட்டம் பெற்றவர் அல்லர். தம் தெருவை உட்கார்ந்து கவனித்தவர். 1961-ல் அவர் வெளியிட்ட நூல் நிபுணர்களை ஆட்டிவைத்தது. வீட்டு வரிசைகள் குட்டையாக இருக்கவேண்டும். வீடும் கடையும் தொழிலும் கலந்திருக்கவேண்டும். பழைய கட்டடமும் புதிய கட்டடமும் சேர்ந்திருக்கவேண்டும். ஜனம் போதிய அளவு நெருங்கி வாழவேண்டும் என்றார். தெருவுக்குக் காவல் போலீஸ்காரர் மட்டும் அல்லர். கடைக்காரரும், சன்னலில் நிற்பவரும், வாசலில் உட்கார்ந்திருப்பவரும்தான் என்பது அவருடைய வாதம்.

நமக்கு இது புதிதா? திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டிகள் செய்த வேலை அதுதானே! இரவு எட்டு மணிக்கு வேலையிலிருந்து திரும்பும் பெண், ஆள் நடமாட்டமும் விளக்கும் உள்ள கடைத்தெரு வழியாக அச்சமின்றி வருகிறாள். இருபுறமும் பத்தடி மதில் மட்டும் உள்ள தெருவில் அவள் நடக்கத் தயங்குகிறாள். மதிலுக்குக் கண் கிடையாது.

சண்டிகாரில் பாதி வெற்றி

நம் நாட்டிலும் புதிய ஊர் கட்டிப் பார்த்தோம். பஞ்சாபுக்குத் தலைநகராக 1950-களில் எழுந்தது சண்டிகார். பிரெஞ்சு தேசத்துச் சிற்பி லெ கார்பூசியே வகுத்த திட்டம். ஊர் முழுவதும் 'செக்டர்'களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 1,200 மீட்டர் நீளம், 800 மீட்டர் அகலம். உள்ளே பள்ளி, கடைத்தெரு, பூங்கா. பூங்காக்களின் ஊடே நடப்பவருக்கென்று தனிப் பாதை. பெர்ரியின் யோசனைக்கு இது நெருங்கிய உறவு.

செக்டருக்குள் மரநிழலில் நடப்பது சுகம்தான். ஆனால் மனிதனுடைய காரியங்கள் எல்லாம் ஒரு செக்டருக்குள் முடிந்துவிடுமா? வேலை ஓரிடம், ஆஸ்பத்திரி ஓரிடம், உறவினர் வீடு ஓரிடம். அடுத்த செக்டருக்குப் போக, வேகமாகக் கார்கள் பறக்கும் அகலச் சாலையைக் கடக்கவேண்டும். இன்று இந்தியாவில் ஜனத்தொகைக்கு மிக அதிகமாகக் கார் வைத்திருக்கும் ஊர்களில் சண்டிகாரும் ஒன்று. பேட்டைக்குள் வழி இருந்தால் போதாது. பேட்டைக்கும் பேட்டைக்கும் நடுவிலும் வழி வேண்டும்.

இது உயிர்ப் பிரச்சினை

"நடக்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போயிற்று? வண்டி இருக்கிறதே!" என்று கேட்பவர்கள் உண்டு.

வண்டி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? சென்னையில் 2008-ல் எடுத்த போக்குவரத்துக் கணக்கின்படி, மக்கள் செய்த பயணங்களில் நாலில் ஒன்றுக்கு மேல் கால்நடையாகச் செய்தவை. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாள், பள்ளிப் பிள்ளை, பென்ஷன் வாங்கப் போகும் பெரியவர் எல்லோரும் இதில் அடக்கம். பஸ்ஸில் போகிறவரும் பஸ் நிறுத்தம் வரையில் நடக்கத்தான் வேண்டும்.

2022-ல் இந்தியச் சாலைகளில் விபத்தில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். ஐந்தில் ஒருவர்! வண்டி ஓட்டாதவர், வேகமாகப் போகாதவர், யாரையும் மோதாதவர். ஒரு நாளைக்குத் தொண்ணூறு குடும்பங்களில் ஒப்பாரி.

வேகந்தான் எமன். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் மோதினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். 50-ஐத் தாண்டினால் சாவு பல மடங்கு பெருகுகிறது. வண்டியும் மனிதரும் கலந்து செல்லும் தெருக்களில் 30-க்கு மேல் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். நேராகவும் அகலமாகவும் போட்ட சாலை, பலகையில் என்ன எழுதினாலும், 'வேகமாக வா' என்றுதான் ஓட்டுநரை அழைக்கும்.

சாலையைக் கடப்பதையும் பாருங்கள். சாலை அகலம் 24 மீட்டர். வாலிபர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். 20 விநாடியில் அக்கரை. கைத்தடி ஊன்றும் பெரியவர் 0.8 மீட்டர்தான் நடப்பார். அவருக்கு 30 விநாடி வேண்டும். பச்சை விளக்கு 20 விநாடியில் அணைந்தால், அவர் இன்னும் 8 மீட்டர் பாக்கி இருக்கும்போது வண்டிகள் புறப்பட்டுவிடும். நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு இருந்தால் அவர் பிழைத்தார்.

பிளாட்பாரத்தின் யோக்கியதை எல்லாருக்கும் தெரியும். நடக்கத் தடையில்லாத அகலம் 1.8 மீட்டராவது இருக்கவேண்டும். உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட விதி சொல்கிறது. முழங்கால் உயரப் பிளாட்பாரத்தில் ஏறி, அடுத்த வீட்டுக் கார் வாசலில் இறங்கி, மறுபடி ஏறி, மின்சாரப் பெட்டியைக் கண்டு மறுபடி இறங்குவது யாரால் முடியும்? மூட்டு வலிக்காரர் தார்ச் சாலையிலேயே நடந்துவிடுகிறார். பிறகு, "பிளாட்பாரம் இருந்தும் நடுரோட்டில் நடக்கிறார்களே" என்று அவர்மீதே பழி!

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதில் ஒரு முக்கியமான உத்தரவு பிறப்பித்தது. தடையில்லாத நடைபாதை கிடைப்பது, அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லியது. நடைபாதை சர்க்கார் காட்டும் சலுகை அல்ல, ஜனங்களின் உரிமை.

உடல் நலமும் இதில் அடங்கும். 2023-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று மதிப்பிட்டது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடல் உழைப்பு வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். கடைத்தெரு 11 நிமிஷ நடையில் இருந்து, தினம் ஒரு முறை போய் வந்தாலே வாரத்தில் 154 நிமிஷம் ஆகிவிடும். அது கிடைக்காத ஊரில் என்ன செய்கிறோம்? நடப்பதற்காகப் பூங்காவுக்குக் காரில் போகிறோம்!

பழுது பார்க்க முடியுமா?

கட்டிய ஊரை இடித்துக் கட்ட முடியாது. ஆனால் இடிக்காமலே பழுது பார்க்கலாம் என்று சில ஊர்கள் காட்டியிருக்கின்றன.

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் என்ற கடைத்தெரு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். 1962 நவம்பர் 17-ஆம் தேதி அதில் கார்களைத் தடுத்தார்கள். வியாபாரிகள் பதறினார்கள். 'குளிர் தேசத்தில் எவன் தெருவில் உலாவுவான்? கடையை மூடவேண்டியதுதான்' என்றார்கள். நடந்தது நேர்மாறு. ஜனம் கூடியது, வியாபாரம் ஓங்கியது. பரிசோதனையாகத் தொடங்கியது 1964-ல் நிரந்தரமாயிற்று.

ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா வேறு வழி கண்டது. 1859-ல் செர்தா என்ற பொறியாளர் வகுத்த சதுரத் தெருக்கள் அங்கே உண்டு. ஒவ்வொரு வரிசையும் சுமார் 113 மீட்டர். நடைக்கு ஏற்ற அளவுதான். ஆனால் எல்லாத் தெருவிலும் கார் புகுந்துவிட்டது. 2016-ல் பொப்லெனோ என்ற பேட்டையில், ஒன்பது வரிசைகளைச் சேர்த்து ஒரு பெரிய சதுரமாக்கினார்கள். ஊடே புகுந்து போகும் வண்டிகளைச் சுற்றிப் போகச் செய்தார்கள். அங்கே குடியிருப்பவர் கார் உள்ளே வரலாம். ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டர்தான். நாற்சந்திகளில் பெஞ்சுகளும் செடிகளும் குழந்தைகளும் வந்தன.

நம் சென்னையும் சும்மா இருக்கவில்லை. போக்குவரத்துச் செலவில் 60 சதவிகிதத்துக்குக் குறையாமல் நடப்பவர்க்கும் சைக்கிள்காரர்க்கும் ஒதுக்குவது என்று 2014-ல் மாநகராட்சி கொள்கை வகுத்தது. தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில், வண்டிகளை அடியோடு தடுக்காமல், வண்டிப் பாதையைக் குறுக்கி நடைபாதையை விரித்தார்கள். 2019 நவம்பரில் அது திறக்கப்பட்டது. மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு தாய்மார்கள் வருகிறார்கள். சக்கர நாற்காலியில் பெரியவர்கள் வருகிறார்கள். இத்தனை நாளும் இவர்கள் எல்லாம் எங்கே இருந்தார்கள்? வீட்டுக்குள் இருந்தார்கள்!

கடைத்தெருவுக்குக் கிடைத்த இந்தப் பாக்கியம் வீட்டுத் தெருக்களுக்கும் வரவேண்டும். அதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். இரண்டு மனைப்பிரிவுகளுக்கு நடுவே உள்ள சுவரில், ஆள் போகும் அளவுக்கு நாலடி வழி திறந்தால் எத்தனையோ வீடுகளுக்குப் பள்ளிக்கூடம் கிட்டத்தில் வந்துவிடும். ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை!

உங்கள் தெருவுக்கு ஒரு பரீட்சை

உங்கள் பேட்டை எப்படி? நீங்களே சோதித்துப் பாருங்கள்.

ஒன்று: வாசலிலிருந்து ஐந்து நிமிஷம் நடங்கள். பால், மருந்து, பஸ் நிறுத்தம் மூன்றும் வந்தனவா?

இரண்டு: கூப்பிடு தூரத்தில் உள்ள இடத்துக்குச் சுற்றி வளைத்துப் போகிறீர்களா? குறுக்கே இருப்பது என்ன? யாருடைய சுவர்?

மூன்று: எட்டு வயதுக் குழந்தையைத் தனியே கடைக்கு அனுப்பத் துணிவீர்களா? துணியமாட்டீர்கள் என்றால், பயப்படுவது எந்த இடத்தை?

நான்கு: பகல் பன்னிரண்டு மணிக்கு வழியில் நிழல் உண்டா? நம் ஊர் வெயிலில் ஒரு வேப்பமரம், நூறு அறிவிப்புப் பலகைக்குச் சமம்.

ஐந்து: இரவு ஒன்பது மணிக்கு அந்த வழியைப் பார்க்கும் சன்னல்கள் எத்தனை? எரியும் விளக்குகள் எத்தனை?

விடைகளை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். தெருக்காரர்கள் நாலு பேராகச் சேர்ந்து வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். 'ரோடு சரியில்லை' என்ற பொது மனுவைவிட, 'இந்தச் சுவரில் இந்த இடத்தில் வழி வேண்டும். இந்த முனையில் கடக்கும் கோடு வேண்டும்' என்ற மனுவுக்கு வலிமை அதிகம்.

புதிதாக மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீர் பார்க்கிறீர்கள், பட்டா பார்க்கிறீர்கள், வாஸ்துகூடப் பார்க்கிறீர்கள். வரைபடத்தில் தெருக்கள் எங்கே போய் முடிகின்றன என்பதையும் பாருங்கள். எல்லாம் ஒரே வாசலில் வந்து சேர்ந்தால், பால் பாக்கெட்டுக்குக்கூடப் பெட்ரோல் போடவேண்டியிருக்கும். அந்தச் செலவு மனை விலையில் எழுதியிருக்காது. மாதாமாதம் உங்கள் பையிலிருந்து போகும். வயதான காலத்தில், வண்டி ஓட்டக் கை நடுங்கும்போது, வீட்டுக்குள்ளேயே உங்களைச் சிறை வைக்கும்.

வீட்டை ஒருவர் தனக்காகக் கட்டிக்கொள்ளலாம். தெருவை அப்படிக் கட்டமுடியாது. அது நாலு பேர் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு உச்ச நீதிமன்றம் உரிமை தந்திருக்கிறது. அடுத்த வார்டுக் கூட்டம் எப்போது என்று விசாரியுங்கள். கூட்டத்துக்கு நடந்தே போங்கள். வழியில் பட்ட கஷ்டங்களையே அங்கே சொல்லலாம்!